ரெக்ஸ் முயலின் குதிகாற் புண்: மலைநாட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது தரையை

ஹட்டனுக்கு அருகில் இரண்டு ரெக்ஸ் முயல்களை வீட்டுக்குள் வளர்க்கும் ஒருவர் சில கேள்விகளைக் கேட்டிருக்கிறார். முயல்கள் பகலில் சிவப்புச் சீமெந்துத் தரையில் திரிகின்றன. இரவில் கம்பிவலை அடியுள்ள கூட்டில் அடைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் பின்னங்கால் குதிகளில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. பெண் முயலுக்கு ஒரு காலில் பொருக்கும் கட்டியிருக்கிறது. இது சொறியா, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றுமா, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசலாமா, தும்பு விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா, உதிர்ந்த மயிர் மீண்டும் முளைக்குமா என்பவை அவர் அறிய விரும்புபவை.

நீங்கள் கூறும் அடையாளங்கள் சொறிக்கு உரியவை அல்ல. சொறி நுண்ணிய உண்ணிகளால் வருவது; அது பற்றிய முயல் ஓயாமல் சொறிந்துகொள்ளும்; காது மடல், மூக்கு, உதடு, நக ஓரம் ஆகிய இடங்களில் சாம்பல் நிறச் செதில்கள் அடையடையாகப் படியும். உங்கள் முயல்களுக்கு இருப்பது அழுத்தப் புண்ணின் தொடக்கம். வைத்தியர்கள் இதைப் பொடோடெர்மடைட்டிஸ் என்பார்கள். இது தொற்றாது. இரண்டு முயல்களுக்கும் ஒரே இடத்தில் வந்திருப்பது ஒன்றிடமிருந்து மற்றது பெற்றதால் அன்று, இரண்டும் ஒரே தரையில் உட்காருவதால்தான். அதனால் நோயுள்ளதைத் தனியே பிரித்து அடைக்க வேண்டியதில்லை. பிரித்தால் அது இன்னும் அசையாமல் ஒரு மூலையில் குந்தியிருக்கும், புண்ணுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

காரணம் விளங்கினால்தான் பரிகாரம் விளங்கும் என்பதால் முயலின் பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் சதைப்பற்றான திண்டுகள் உண்டு. முயலுக்கு அவை கிடையா. அதன் உள்ளங்காலில் இருப்பதெல்லாம் மெல்லிய தோலும், அதை மூடிய அடர்ந்த முரட்டு மயிரும்தான். குந்தும்போது பின்னங்காலின் விரல் நுனி முதல் குதி வரை முழுவதும் தரையில் படியும். மண்ணிலும் புல்லிலும் வாழும் முயலின் நகங்கள் தரைக்குள் பதிந்து நிற்பதால் உடற்பாரம் விரல்களுக்கும் குதிக்கும் இடையே பரவலாகப் பகிரப்படுகிறது. நகம் பதியாத கடினமான தரையிலோ விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, பாரம் முழுவதும் பின்னால் சாய்ந்து குதியெலும்பின் மீது இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் எலும்புக்கும் தரைக்கும் நடுவே இருப்பது தோல் ஒன்றே. மணிக்கணக்கில் அது நசுங்கிக் கிடக்கும்போது அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் தடைப்படுகிறது; முதலில் மயிர் உதிர்கிறது, பின்பு தோல் சிவக்கிறது, தடிக்கிறது, வெடிக்கிறது. வெடித்த தோல் வழியாக, வழக்கமாகத் தோலிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் போன்ற பக்டீரியாக்கள் உள்ளே புகுகின்றன. கிருமி வந்து சேர்வது கடைசியில்தான். அதனால்தான் கிருமிக்கு மருந்து போட்டுக்கொண்டே தரையை மாற்றாமல் இருப்பவர்களின் முயல்களுக்கு ஆறுவதும் திரும்ப வருவதுமாகப் புண் நீடிக்கிறது.

ரெக்ஸ் இனத்துக்கு இந்தத் தொல்லை மற்ற இனங்களைவிட எளிதில் வருவதற்குக் காரணம் அதன் அழகேதான். 1919 இல் பிரான்ஸில் ஒரு விவசாயியின் முயல்களிடையே தற்செயலாகத் தோன்றிய மரபணு மாற்றம் இவ்வினத்தின் மூலம். பொதுவாக முயலின் உடலில் மென்மையான அடிமயிரும், அதற்கு மேலே நீண்டு விறைத்த காப்பு மயிரும் இருக்கும். ரெக்ஸில் காப்பு மயிரும் அடிமயிரின் உயரத்துக்கே குறுகி, ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை சென்றிமீற்றர் வரை ஒரே மட்டமாக நிற்கிறது. தடவினால் பட்டுப்போல் இருப்பது அதனால்தான். மீசை மயிர்கூடச் சுருண்டிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதே மாற்றம் உள்ளங்காலையும் விடவில்லை: மற்ற முயல்களுக்கு முரட்டுத் துடைப்பமாக நிற்கும் பாத மயிர் ரெக்ஸுக்கு மெலிந்து, குறுகி, விரைவில் தேய்ந்துவிடுகிறது. இதற்கு மேல் உடற்பாரமும் சேர்கிறது. வழக்கமான ரெக்ஸ் மூன்றரை முதல் கிட்டத்தட்ட ஐந்து கிலோ வரை வளரும். இரண்டு கிலோவுக்குள் நின்றுவிடும் மினி ரெக்ஸிலும் இந்தப் புண் வரத்தான் செய்கிறது. பாரம் குறைவாக இருப்பதால் கொஞ்சம் தாமதிக்கலாம், அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டுத் தரைக்கு வருவோம். கம்பிவலை அடியுள்ள கூடு இறைச்சிக்காக முயல் வளர்ப்போரின் வசதிக்கென உண்டானது. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், கழுவுவது சுலபம், குடற் கிருமிகள் பரவுவது குறையும். தடித்த பாத மயிருள்ள இனங்கள் அதில் சில காலம் தாக்குப்பிடிக்கும், அவையும் குறுகிய காலமே அங்கு வாழ்பவை. எட்டுப் பத்து ஆண்டுகள் வீட்டில் வைத்திருக்க எண்ணும் ரெக்ஸ் முயலுக்கு அது பொருந்தாது. கூட்டை வீசிவிட வேண்டியதில்லை. கம்பியை முழுவதும் மூடும்படி ஒரு பிளைவுட் பலகையை அளவாக வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, உள்ளே படுக்க விட்டு, அதன் மேல் படுக்கை அமைத்தால் அதே கூடு பயன்படும். பலகையை வெறுமையாக விட்டுவிடக்கூடாது. கம்பி வெட்டும், பலகை அழுத்தும். குதிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிவப்புச் சீமெந்துத் தரையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று அதன் கடினம்; மற்றது மினுக்கம். பொலிஷ் போட்டுத் தேய்த்த தரையில் முயலுக்குக் கால் பிடிக்காது. வழுக்கும் என்று தெரிந்த முயல் நடப்பதைக் குறைத்துக்கொண்டு, கதவோரத்துக் கால்மிதி போன்ற ஏதேனும் ஒரு துண்டு விரிப்பில் நாள் முழுவதும் உட்கார்ந்துவிடும். "எங்கள் முயல் மிகவும் சாது, இருந்த இடம் விட்டு அசையாது" என்று பெருமையாகச் சொல்பவர்களின் வீட்டுத் தரையை நான் கொஞ்சம் சந்தேகத்துடனேயே பார்ப்பேன்.

இவை எந்த ஊருக்கும் பொதுவானவை. மலைநாட்டுக்கென்று தனியாக ஒன்று உண்டு, அது ஈரம். குளிரைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். முயலுக்குக் குளிர் அவ்வளவு பகையன்று. பதினைந்து முதல் இருபது பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலை அதற்கு மிகவும் இதமானது. ஆண்டுச் சராசரி பதினாறு பாகையளவில் இருக்கும் நுவரெலியா, கொழும்பின் வெக்கையைவிட முயலுக்கு எவ்வளவோ நல்ல இடம். ஆனால் மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களில் மூடுபனியும் தூவானமும் வாரக்கணக்கில் விலகாது. சீமெந்துத் தரை வியர்க்கும், துவைத்த துணி மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும். இந்த ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்றாகி எளிதில் உரிகிறது. அதனோடு சிறுநீரும் சேர்ந்தால், வறண்ட ஊரில் ஆண்டுக்கணக்கில் சிவப்போடு நின்றிருக்கக்கூடிய குதி இங்கே ஒரே மழைக்காலத்தில் வெடித்துவிடும். ஆகவே கீழ்நாட்டிலிருந்து வரும் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மென்மை இருந்தால் போதும், இங்கே மென்மையும் உலர்வும் ஒன்றாக இருக்க வேண்டும், உலர்வு கிடைக்காத மென்மை உதவாது.

தும்பு விரிப்பு இதனால்தான் வேண்டாம் என்கிறேன். மனிதக் காலின் சேற்றைச் சுரண்டுவதற்கென்றே விறைத்த தும்பால் நெய்யப்பட்ட பொருள் அது. ரெக்ஸின் பாத மயிரையும் அப்படியே சுரண்டிவிடும். நைலோன் கார்ப்பெட்டும் தேய்க்கும். அதில் ஓடித் திரும்பும்போது உண்டாகும் உராய்வு தோலை எரித்துவிடக்கூடியது, அதன் சுருக்கு இழைகளில் நகம் மாட்டிக்கொள்வதும் உண்டு. றப்பர் விரிப்பில் சிறுநீர் வடியாமல் மேலேயே தேங்கி நிற்கும். உரச் சாக்கும் பிளாஸ்ரிக் படங்கும் நீரை உறிஞ்சுவதில்லை. உரச் சாக்கில் ஒட்டியிருக்கும் எச்சம் வேறு ஆபத்து, ஏனெனில் முயல் காலை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. சணற் சாக்கு அடி விரிப்பாக உதவும், மேல் விரிப்பாக அன்று. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் நூலைக் கடித்து விழுங்கினால் குடலில் சிக்கும். மரமரிவு ஆலைகளில் கிடைக்கும் பச்சைப் பைனஸ் மரத்தூளும் எனக்கு உடன்பாடில்லை. அதன் தூசும் பிசின் வாசமும் முயலின் மூச்சுப் பாதையை உறுத்தும், ஈரத்தூள் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

எந்த விரிப்பையும் வாங்குவதற்கு முன் ஒரு எளிய சோதனை செய்து பாருங்கள். அதைத் தரையில் போட்டு, துணி விலக்கிய வெறும் முழங்காலை அதன் மேல் ஊன்றிப் பத்து நிமிடம் இருங்கள். வலித்தால் அது மெல்லியது. எழுந்து பார்க்கும்போது முழங்காலில் நெசவின் கோடுகள் ஆழமாகப் பதிந்திருந்தால் அது முரடு. பிறகு ஒரு குவளைத் தண்ணீரை அதில் ஊற்றி, சில நிமிடம் கழித்து உலர்ந்த உள்ளங்கையை அழுத்துங்கள்; கை நனைந்தால் முயலின் காலும் நனையும்.

இந்தச் சோதனையில் தேறும் படுக்கையை நம் பக்கத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைக்கலாம். அடியில், சீமெந்தின் குளிர்ச்சியும் ஈரமும் ஏறாதபடி இரண்டங்குல உயரமுள்ள மரச் சட்டங்களின் மேல் ஒரு பலகை. பலகையின் கீழே காற்று ஓட வேண்டும், அது முக்கியம். அதன் மேல் மட்டை அட்டைகளையும் பழைய செய்தித்தாள்களையும் தடிப்பாக அடுக்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் வேலை இவற்றுக்கு. அதற்கு மேலே நான்கங்குல அளவுக்காவது உலர்ந்த புல் அல்லது நன்றாகக் கசக்கி மிருதுவாக்கிய வைக்கோல். இதில்தான் நகம் பதியும். இதில்தான் பாரம் பரவும். முயல் அதைத் தின்னும், கிளறும், குழி தோண்டும். குறைந்தபடியே மேலே சேர்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரே இடத்தில் குந்தி அழுத்தி அழுத்திப் புல் தகடாகியிருந்தால் கையால் உதறிவிடுங்கள், தகடான புல்லும் பலகையும் ஒன்றே.

புல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். வெளிநாட்டு நூல்களில் சொல்லப்படும் தீமோத்திப் புல்லைத் தேடி விலை கொடுக்க வேண்டியதில்லை. தெருவோரம் வளரும் கினியாப் புல்லைப் பூக்கும் முன் அறுத்து உலர்த்தினால் அதுவே போதும். மருந்து தெளிக்கும் தேயிலை மலைகளின் ஓரத்திலும் மரக்கறித் தோட்ட வரப்புகளிலும் மட்டும் அறுக்காதீர்கள். மானாப்புல்லை உலர்த்திப் படுக்கையாக்க நினைக்க வேண்டாம்; அது விறைத்தது, ஓரம் கூரியது. உலர்த்தும் காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹட்டன் பக்கத்தில் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை வெயில் கிடைக்கும். மழை இங்கே கொட்டும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஊவாப் பக்கத்தில், அதாவது வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில், வறண்ட காற்று வீசும். அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் இரண்டு மூட்டை உலர்ந்த புல் அனுப்பச் சொல்லலாம். வைக்கோலானாலும் புல்லானாலும் மூட்டையைப் பிரித்தவுடன் முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாசமோ, உதறும்போது வெண்தூசோ வந்தால் அது முயலுக்கு ஆகாது, எரித்துவிடலாம்.

முயல் ஓடியாடும் இடம் முழுவதும் புல் பரப்ப முடியாது. வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் குடும்பமே வாழும் வீடுகளில் முயலுக்கென்று ஒதுக்குவதற்கு ஒரு மூலையும் இஸ்தோப்பின் ஒரு பகுதியும்தான் இருக்கும். அங்கே ஃபிளீஸ் துணி நன்றாக உதவும். நுவரெலியாவில் குளிர்ச்சட்டை விற்கும் கடைகளில் ஃபிளீஸ் போர்வைகள் கிடைக்கும். கிழிந்த பழைய ஃபிளீஸ் சட்டையாக இருந்தாலும் போதும், சிப்பையும் பொத்தான்களையும் வெட்டி எடுத்துவிடுங்கள். இந்தத் துணியின் சிறப்பு, அது தான் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் கீழே இறங்க விடுவது. அதனால் அதன் அடியில் உறிஞ்சும் பொருள் ஒன்று, பழைய பருத்தித் துவாய்களை இரண்டு மூன்றாக மடித்து, இருந்தே ஆக வேண்டும். முயல் கடிக்காதபடி ஓரங்களைப் பலகைக்கு அடியில் செருகிவிடுங்கள். துவாயையே மேலே போட்டால் அதன் சுருக்கு நூல்களில் நகம் மாட்டும். துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் சேர்த்தால் ஃபிளீஸ் நீரை இறங்க விடாது. மழைக்காலத்தில் ஒன்று விரிப்பில், ஒன்று துவைப்பில், ஒன்று அடுப்புக்கு மேலே காய்வதில் என மூன்று இருந்தால்தான் உலர்ந்த விரிப்பு எப்போதும் கையில் இருக்கும். விரிப்பு அடுப்புக்கு மேலே காயலாம், முயல் அடுப்படியில் இருக்கக்கூடாது; மிலாறு எரியும் புகை அதன் சுவாசப்பைக்குக் கெடுதல்.

சிறுநீர் கழிக்கும் தட்டைப் பற்றி ஒரு சொல். முயல் பெரும்பாலும் ஒரே மூலையைத் தேர்ந்துகொள்ளும் பழக்கமுடையது. அந்த மூலையில் அகன்ற தட்டொன்றை வைத்து, அடியில் செய்தித்தாளும் மேலே புல்லும் இட்டு, தின்னும் புல்லைத் தட்டின் ஒரு பக்கத்திலேயே வைத்தால் அது தானே அங்கே வந்து உட்காரும். கடைகளில் விற்கும் தட்டுகளின் மேல் வரும் கம்பித் தட்டியை எடுத்துவிடுங்கள். தின்றுகொண்டே நீண்ட நேரம் உட்காரும் இடம் அதுதான் என்பதால் தினமும் மாற்ற வேண்டிய இடமும் அதுவே. வேலை நெருக்கடியில் கூடு கழுவுவது ஒரு நாள் தள்ளிப்போகலாம், தட்டு தள்ளிப்போகக்கூடாது.

நகம் நீண்டிருந்தால் எவ்வளவு நல்ல படுக்கையும் பாதிப் பயன்தான் தரும். நீண்ட நகம் விரலை மேலே உயர்த்திப் பாரத்தைக் குதியின் மேல் தள்ளிவிடும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டுங்கள். வெளிர் நகத்தில் உள்ளே ஓடும் இரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்துக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தால் தெரியும். அதற்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். வெட்டும்போதும் பாதத்தைப் பார்க்கும்போதும் முயலை மல்லாக்கப் படுக்க வைத்து மயங்கியதுபோல் அசையாமல் கிடக்கச் செய்வதைச் சிலர் வித்தையாகக் காட்டுவார்கள். அது மயக்கமன்று, பயத்தில் உறைந்துபோவது. முயலின் முதுகை உங்கள் மார்போடு அணைத்து, ஒரு கையால் மார்புக்கூட்டையும் மற்றக் கையால் பிட்டத்தையும் தாங்கி உட்கார்ந்துகொண்டால் இன்னொருவர் பாதத்தைப் பார்க்கலாம். பின்பகுதி தாங்கலின்றித் தொங்கினால் அது உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும்.

பாதத்தைப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? பகல் வெளிச்சத்தில் குதியின் மயிரை விரலால் இரு பக்கமும் ஒதுக்குங்கள். சிறிய வட்டமாக மயிரற்று, தோல் வெளிர் சிவப்பாக, உலர்ந்து, சற்றே தடித்து, தொட்டால் முயல் காலை இழுக்காமல் இருந்தால், அது காய்ப்பு. வளர்ந்த ரெக்ஸ் முயல்களில் அது மிகவும் பொதுவானது. அதற்கு மருந்து வேண்டாம், மேற்கூறிய தரைத் திருத்தம் போதும். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் பிடித்து வைத்தால் பெரிதாகிறதா சுருங்குகிறதா என்பதில் ஊகத்துக்கு இடமிராது. நிறம் கடும் சிவப்பாகி, தோல் பளபளத்து, சூடாக இருந்தாலோ, கீறல், பொருக்கு, வீக்கம், கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டாலோ, வீட்டு வைத்தியத்தின் எல்லை அத்துடன் முடிகிறது. முன்னங்கால்களையும் பார்க்க மறக்காதீர்கள். பின்னங்கால் வலிக்கும் முயல் பாரத்தை முன்னே சாய்த்து நிற்பதால் நாளடைவில் முன் பாதங்களிலும் புண் தொடங்கும். அப்படியானால் பின்னங்கால் வலி வெகுநாளாக இருந்துவருகிறது என்று பொருள்.

உங்கள் பெண் முயலுக்குப் பொருக்குக் கட்டியிருப்பதால் அதை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். பொருக்கின் அடியில் சீழ் இருக்கலாம். முயலின் சீழ் கெட்டியானது, வடிந்துபோகாது, மருந்தும் அதற்குள் எளிதில் ஊடுருவாது. உள்ளே பரவினால் குதியெலும்பையும் அதன் மீது ஓடும் தசைநாணையும் தாக்கும். நாண் இடம் நழுவிய முயல் பிறகு சரியாக நிற்பதேயில்லை. பொருக்கை நகத்தால் பெயர்க்காதீர்கள். வைத்தியரிடம் போகும்வரை, கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, இளஞ்சூட்டில் பாதத்தை மெல்ல ஒற்றிக் கழுவி, ஈரம் சிறிதுமின்றி ஒற்றித் துடைத்துவிடுங்கள். பொவிடோன் அயடின் பயன்படுத்தினால் வெளிறிய பிளேன்டீ நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெட்டோல், ஸ்பிரிட் இரண்டும் வேண்டாம். குதியைச் சுற்றி மிஞ்சியிருக்கும் மயிரைச் சுத்தத்துக்காக என்று வெட்டிவிடாதீர்கள், இப்போதைக்கு அந்த முயலுக்கு இருக்கும் மெத்தை அது ஒன்றே.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் முதலில் எழும் யோசனை அதுதான். மனிதத் தோலில் அதன் பயனை நான் இங்கு விவாதிக்கவில்லை. முயலின் பாதத்தில் எண்ணெய் பட்டால் இருக்கும் கொஞ்ச மயிரும் திரியாக ஒட்டிக்கொள்ளும், புழுக்கையும் தூசும் அதில் அப்பும், தோல் மூச்சடைத்து ஈரத்திலேயே ஊறும். போதாததற்கு முயல் அதை முழுவதும் நக்கி விழுங்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீரொயிட் கலந்த களிம்புகள் இன்னும் மோசம், அவை முயலின் எதிர்ப்புச் சக்தியையே தாழ்த்திவிடும்.

மருந்துக்கடையில் அமொக்சிசிலின் வாங்கி வாய்வழி கொடுப்பதை எந்தக் காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்துதானே என்று தோன்றும். முயலின் செரிமானம் அதன் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களை நம்பியே நடக்கிறது. அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை வாய்வழி உள்ளே போனால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சை உண்டாக்கும் வகைகள் பெருகி, சில நாளில் வயிற்றுப்போக்குடன் முயல் இறந்துவிடக்கூடும். முயலுக்குப் பொருந்தும் எதிருயிரிகளும், வலி தணிக்க மெலொக்சிகாமும் உண்டு. அளவை வைத்தியர் உடலெடையைப் பார்த்து எழுத வேண்டும். வலி மருந்தைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். வலி தணிந்த முயல்தான் நடக்கும், நடந்தால்தான் குதிக்கு இரத்தம் ஓடும்.

உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் காட்டலாம். அங்கே பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான் வரும் என்பதால், இது ரெக்ஸ் இனம், வாய்வழிப் பெனிசிலின் வகை வேண்டாம் என்று நீங்களே பணிவாக நினைவூட்டுவதில் தவறில்லை. எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்க்க வேண்டிய நிலை வந்தால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பயணத்துக்கு முன் முயலைப் பட்டினி போடாதீர்கள். நாய்க்கு அந்த விதி உண்டு; முயல் வாந்தியெடுக்காத பிராணி, வெறும் வயிறுதான் அதற்கு ஆபத்து. பெட்டிக்குள் தடிப்பாகப் புல்லைப் போட்டு வழி முழுவதும் கொறிக்க விடுங்கள். எந்த நேரத்திலும் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் கால் புண்ணை விட்டுவிட்டு அதை அவசரமாகக் கவனிக்க வேண்டும். கட்டுப் போடுவதா இல்லையா என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும். குழந்தைக் காலுறையை மாட்டி நூலால் கட்டுவதை இணையப் படங்களில் பார்த்திருப்பீர்கள், நம் மழைக்காலத்தில் அது ஒரே இரவில் ஈரக் கட்டாகி உள்ளே அழுகலை உண்டாக்கும்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாரம் குறையாமல் குதி ஆறாது. முதுகெலும்பை விரலால் தடவினால் கணுக்கள் மெல்லிய சதைக்கு அடியில் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் முயல் கொழுத்திருக்கிறது. தின்பதில் பெரும்பங்கு புல்லாகவே இருக்கட்டும். முயல் தீவனம் கொடுத்தால் உடலெடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். கோழித் தீவனம், பாண், பிஸ்கட், சோறு எதுவும் கூடாது. நுவரெலியாக் கரட் மலிவாகக் கிடைக்கிறது என்று கிழங்கைக் குவிக்காதீர்கள், அதில் சர்க்கரை அதிகம். நன்றாகக் கழுவிய கரட் இலை அதைவிட நல்லது. விடியற்காலையும் அந்திப்பொழுதும்தான் முயல் இயல்பாக ஓடித் திரியும் நேரம். அந்த இரண்டு வேளையும் கூட்டைத் திறந்து, வழுக்கும் தரையில் விரிப்புகளைத் தொடராகப் போட்டுப் பாதையொன்று அமைத்துவிட்டால், அதுவே ஒரு மூலையிலிருந்து மற்றதற்குப் போகக் கற்றுக்கொள்ளும்.

கடைசிக் கேள்வி, மயிர் முளைக்குமா என்பது. ஆண் முயலின் குதி இன்னும் சிவப்பளவில்தான் இருப்பதால், படுக்கையை மாற்றிய சில வாரங்களில் சிவப்பு வெளிறுவதையும், அடுத்த மயிருதிர்வுப் பருவத்துக்குப் பிறகு ஓரங்களில் மயிர் நெருங்கி வருவதையும் எதிர்பார்க்கலாம். பெண் முயலுக்கு அவ்வளவு நம்பிக்கை தர முடியாது. புண் ஆறுவதற்கே பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும்; ஆறிய இடத்தில் தழும்பும் காய்ப்பும் நின்றுவிட்டால் நடுவில் மயிர் வராமலே போகலாம். அப்படி நின்ற காய்ப்பு உலர்ந்து, வெளிறி, வலியின்றி இருந்தால் அதைச் சுகமாகவே கணக்கிட வேண்டும். அதன் மேல் மயிர் முளைக்கச் செய்ய எதையும் தேய்க்க வேண்டாம். இவற்றைக் குட்டி போட விட நினைத்திருந்தால், பெண் முயலை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். சினையின் கூடுதல் பாரத்தை அந்தக் குதி இப்போது தாங்காது.